புரதக் கிரிஸ்டல் வளர்க்க எந்த முறை? தர்மபுரி வெயிலையும் பெங்களூர் பஸ்ஸையும் சேர்த்துப் போட்ட கணக்கு

போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு போன். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், இப்போது அங்கே உயிர்வேதியியல் எடுக்கிறாள். “அக்கா, எம்.எஸ்சி. பிள்ளைங்க நாலு பேருக்குப் புரதக் கிரிஸ்டல் வளர்க்கிறதையே ப்ராஜெக்ட்டா கொடுத்துட்டேன். ஹேங்கிங் டிராப்புக்குப் பொருள் வாங்கவா, மைக்ரோபேட்ச்சுக்கு வாங்கவா? ரெண்டுக்கும் காசு கிடையாது.”

போனில் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு ஆறேழு வருடம் ஆனது. தர்மபுரியில் ஏசி இல்லாத ஒரு லேபில், ஒவ்வொரு பேட்ச் பிள்ளைகளோடும் துளித்துளியாகக் கெடுத்துக் கற்றுக்கொண்டது அது. இதே கேள்வியோடு இருக்கும் வேறு யாருக்காவது உதவட்டுமே என்று விரித்து எழுதுகிறேன்.

முதலில், எதற்குக் கிரிஸ்டல்? ஒரே ஒரு புரத மூலக்கூறின் மேல் எக்ஸ்-ரே பட்டுச் சிதறுவது, அளக்கவே முடியாத அளவுக்குச் சன்னமானது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து வரிசையாக நின்றால்தான் அந்தச் சிதறல்கள் ஒன்றோடொன்று கூடிப் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளிலிருந்துதான் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். 1965-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் கோழிமுட்டை லைசோசைமின் அமைப்பை இப்படித்தான் கண்டார்கள். எக்ஸ்-ரே மூலம் அமைப்பு தெரியவந்த முதல் என்சைம் அதுதான். நம் பக்கத்து மானாவாரிக் காடெல்லாம் விளையும் நிலக்கடலையின் லெக்டின் புரதத்துக்கும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1994-ல் இதே வழியில் அமைப்பு கண்டார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

“இப்ப ஆல்ஃபாஃபோல்டே சொல்லிடுதே மேடம்” என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார். புரதத்தின் அமைப்பைக் கணித்துச் சொல்லும் ஏ.ஐ. மென்பொருள் அது. 2024-ல் நோபல் வாங்கிய சமாச்சாரம், குறைத்துப் பேச நான் யார்? ஆனால் அது படித்துத் தேறிய பாடம் முழுக்க ஏற்கனவே கண்டறிந்து வைத்த அமைப்புகள். அவற்றில் பெரும்பகுதி கிரிஸ்டலிலிருந்து வந்தவை. அதோடு, ஒரு மருந்து புரதத்தின் எந்த மடிப்பில் எப்படிப் போய் உட்காருகிறது என்று நிச்சயமாகப் பார்க்க இன்னும் கிரிஸ்டலைத்தான் தேடிப் போகிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை சர்க்கரை கரைந்தே கிடக்கும். வற்ற வற்ற ஒரு பதம் வரும். அப்போது நூலைத் தொங்கவிட்டு ஆடாமல் வைத்தால் கல்கண்டு; பதம் தப்பிக் கிண்டிவிட்டால் பூத்துப் பொடிந்துவிடும். புரதமும் அப்படியே. கரைசல் நீர்த்திருந்தால் ஒன்றும் நடக்காது. உப்பு அளவுக்கு மேல் ஏறினால் திரிந்த பால் மாதிரி வெளுத்துப் படிந்துவிடும். நடுவில் இரண்டு பதங்கள் இருக்கின்றன. மேல் பதத்தில் புதிதாகக் கரு பிறக்கும். அதற்குச் சற்றுக் கீழே கரு பிறக்காது, பிறந்தது மட்டும் வளரும். மேல் பதத்தில் ஒன்றிரண்டு கரு மட்டும் பிறக்கவிட்டு, கீழ்ப் பதத்துக்கு மெல்ல இறங்கி வந்தால் பெரிய கிரிஸ்டல் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் இந்தப் பதத்துக்கு ஒவ்வொரு பாதையில் போகிறது, அவ்வளவுதான்.

ஹேங்கிங் டிராப் முறையில் துளி தலைகீழாகத் தொங்கும். 24 குழி உள்ள பிளாஸ்டிக் பிளேட். ஒவ்வொரு குழியிலும் அரை மில்லி உப்புக் கரைசல். நீர் ஒட்டாமலிருக்கப் பூச்சு பூசிய கவர் ஸ்லிப்பின் நடுவில் 1 மைக்ரோலிட்டர் புரதம், அதன் மேலேயே குழியிலிருந்து எடுத்த 1 மைக்ரோலிட்டர் கரைசல். சட்டென்று கவிழ்த்துக் குழியை மூடிவிட வேண்டும். துளியில் உப்பு பாதியாகிவிட்டதால் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கீழே இருக்கும் கரைசலுக்குப் போகும். இரண்டும் சமமாகும்வரை, ஓரிரு நாள், துளி மெல்ல மெல்லச் சுண்டும். பதத்தை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. துளியே நடந்து போய்ப் பதத்தைத் தொட்டுவிடும்.

எங்கள் லேபில் லைசோசைமுக்கு வைக்கும் அளவு: மில்லிக்கு 50 மில்லிகிராம் புரதம், 0.1 மோலார் சோடியம் அசிடேட் பஃபர், பி.ஹெச். 4.6, குழியில் 4 முதல் 9 சதவீதம்வரை சோடியம் குளோரைடு. பிளேட்டில் குறுக்கே ஆறு குழி என்பதால் உப்பு ஆறு படி ஏறும். நெடுக்கே நான்கு குழிக்குப் பி.ஹெச்.சைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றலாம். இரண்டு நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இடது கோடித் துளிகள் வெறுமையாக இருக்கும். நடுவில் மூன்று நான்கு கிரிஸ்டல், விளிம்பெல்லாம் வெட்டி வைத்த மாதிரி. வலது கோடியில் ரவையைத் தூவியது போல. பதம் என்றால் என்ன என்று நான் போர்டில் எழுதி விளக்கிய மூன்று மணி நேரத்தை அந்த ஒரு வரிசை மூன்று நிமிடத்தில் செய்துவிடுகிறது. இதற்காகவே இந்த முறையை நான் விடமாட்டேன்.

கஷ்டமெல்லாம் சீலில்தான். குழியின் விளிம்பில் வேக்வம் கிரீஸ் வைத்து, கவர் ஸ்லிப்பை அழுத்தி லேசாகத் திருக வேண்டும். கிரீஸை ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, மெஹந்தி கோன் பிடிப்பது போல் பிடித்து, ஒரே ஓட்டத்தில் வட்டம் போட வேண்டும். காற்று வெளியேறக் கடைசியில் ஒரு கடுகளவு இடைவெளி விட்டால் அழுத்தும்போது தானாக மூடிக்கொள்ளும். மெஹந்தி போட்டுப் பழகிய பிள்ளைகள் முதல் நாளே அழகாகச் செய்துவிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு பிளேட் வீணாக்குவார்கள். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கஷ்டம் நம் ஊருக்கே உரியது. ப்ராஜெக்ட் செமஸ்டர் மார்கழியில் தொடங்கும். அப்போது தர்மபுரி குளிருக்கு லேப் மேஜையே இன்குபேட்டர் மாதிரி. கிரிஸ்டல் தானாக வளரும், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. தீசிஸ் எழுதும் பங்குனியில் வெயில் 38 டிகிரியைத் தொடும். லைசோசைம் சூடு ஏற ஏற அதிகமாகக் கரையும் ரகம். போதாததற்கு, சோடியம் குளோரைடில் 25 டிகிரியை ஒட்டி அது வளரும் வடிவமே மாறிவிடும். ஜனவரியில் கிடைத்த நாற்கோண வகையை ஏப்ரலில் அதே பாட்டில், அதே பிப்பெட்டை வைத்துக்கொண்டு தேடினாலும் கிடைக்காது.

ஒரு வருடம் பங்குனியில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்குபேட்டர் லைனில் எம்.சி.பி. டிரிப் ஆகியிருக்கிறது. சனி, ஞாயிறு யாரும் வரவில்லை. திங்கள் காலை பார்த்தால் கவர் ஸ்லிப் அடியெல்லாம் முத்து முத்தாக வியர்த்து, சில இடத்தில் அந்த வியர்வை துளியோடு சேர்ந்து ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை கல்கண்டு மாதிரி கூர்மையாக இருந்த கிரிஸ்டல்கள் சூப்பிப் போட்ட மிட்டாய் போல மழுங்கியிருந்தன. மறுபடி குளிர வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். சரியாகவில்லை, புதிதாகப் பொடிக் கிரிஸ்டல் ஒரு கூட்டம் பழையதைச் சுற்றி முளைத்தது. அந்த மாணவி அழவில்லை, நான்தான் கொஞ்சம் அழுதேன்.

சிட்டிங் டிராப் இதற்குத் தம்பி முறை. தத்துவம் ஒன்றே, துளி தொங்காமல் ஒரு சின்னத் திண்ணை மேல் உட்கார்ந்திருக்கும், மேலே தெளிவான டேப் ஒட்டினால் போதும், கிரீஸ் வேலை இல்லை. ரோபோ வைத்து நூற்றுக்கணக்கில் துளி வைக்கும் லேபெல்லாம் இதைத்தான் பிடித்திருக்கின்றன. டிடர்ஜென்ட் கலந்த துளி தொங்கவிட்டால் படர்ந்துவிடும்; அப்படித் துளி வைப்பவர்களுக்கும் இதுதான். எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம், கிரிஸ்டல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்வதும், பிள்ளைகள் அதைச் சுரண்டி எடுப்பதாக நினைத்து உடைப்பதும்.

டயாலிசிஸ் பட்டன் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜவ்வு வழியாக உப்பு மெல்ல மாறும், வேண்டாமென்றால் திருப்பிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதிதான். உப்பு குறையும்போது கிரிஸ்டலாகும் புரதங்களுக்கு அதுவே சரியான வழி. ஆனால் துளிக்குப் புரதம் நிறைய வேண்டும், உப்புக்குப் பதில் சிலர் சேர்க்கும் பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற பெரிய மூலக்கூறுகள் ஜவ்வைத் தாண்டாது, ஜவ்வை ஓ-வளையத்தால் சுருக்கமின்றி மாட்டுவதற்குள் பொழுது போய்விடும்.

மைக்ரோபேட்ச் வேறு குணம். புரதமும் உப்பும் சேர்ந்த 1 அல்லது 2 மைக்ரோலிட்டர் துளியை எண்ணெய்க்கு அடியில் வைத்துவிடுவது. நவோமி சாயனும் உடன் ஆராய்ந்தவர்களும் 1990-ல் கொண்டுவந்தது இது. பாரஃபின் எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் அநேகமாக வெளியே போகாது. கலந்த கணத்தில் என்ன அளவோ அதுவே கடைசிவரை. பாதியளவு சிலிக்கான் எண்ணெய் சேர்த்தால் துளி மெதுவாகச் சுண்டும். கிரீஸ் வேண்டாம், கவர் ஸ்லிப் வேண்டாம், வியர்வைப் பிரச்சினை கிடையாது. 72 சின்னக் குழி உள்ள ஒரு பிளேட்டும் ஆறு மில்லி எண்ணெயும் போதும். நிறமில்லாத லிக்விட் பாரஃபின் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். அங்கே தெளிவாகக் கேளுங்கள்; மலச்சிக்கலுக்குத் தரும் வெள்ளை எமல்ஷனை ஒருமுறை வாங்கி வந்துவிட்டான் ஒருவன், பிங்க் மூடியோடு.

இதில் குறை என்னவென்றால், துளி எங்கும் நடக்காது. முதல் கலவையிலேயே பதம் அமைய வேண்டும். தெரியாத புரதத்துக்கு இது இருட்டில் கல்லெறிவது போல. பதம் ஓரளவு தெரிந்த பிறகு இதைவிடச் சுலபமானது கிடையாது. ஹேங்கிங் டிராப்பில் 6 சதவீதக் குழி நன்றாக வந்திருந்தால், எண்ணெய்த் துளியின் கடைசி உப்பளவை அதையொட்டி வைத்து, மேலும் கீழும் ஒவ்வொரு சதவீதமாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். கிரிஸ்டலை வெளியே எடுப்பது மட்டும் வழுக்கல் வேலை. எண்ணெய் ஊசியில் ஒட்டும், ஊசி துளியைத் தள்ளும், துளி ஓடும்.

பேட்ச் என்பது புதுசொன்றும் இல்லை. 1946-லேயே ஆல்டர்டன், ஃபெவோல்டு என்ற இருவர் முட்டை வெள்ளைக்கருவில் நேராக 5 சதவீதம் உப்புப் போட்டு, பி.ஹெச்.சை 9.5-க்கு ஏற்றி லைசோசைமைக் கிரிஸ்டலாக இறக்கினார்கள். “அப்ப பவுடர் வாங்காம நாமக்கல் முட்டையிலயே எடுத்துடலாமே” என்று போன் செய்த அந்தக் கிருஷ்ணகிரித் தோழியும் கேட்டாள். கணக்குப் பார்த்தால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் சுமார் மூன்றரை கிராம் புரதம், அதில் நூற்றுக்கு மூன்றரை பங்குதான் லைசோசைம். கை நழுவாமல் எடுத்தாலும் ஒரு கிராமுக்குப் பத்து முட்டையாவது வேண்டும், கை நழுவும். ஒரு கிராம் பவுடர் வாங்கினால் மில்லிக்கு 50 மில்லிகிராம் வீதம் 20 மில்லி, அதாவது 20,000 துளி. நான்கு பிள்ளைகள் ஆயுசுக்கும் வைத்தாலும் தீராது. முட்டையை ஒருநாள் செய்முறையாகச் செய்து காட்டிவிட்டு, ப்ராஜெக்ட்டுக்குப் பவுடரையே வாங்கச் சொன்னேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் அட்டவணையாக இருக்கும். வளர்ந்த கிரிஸ்டல் எங்கே போகப்போகிறது என்பதை அந்த அட்டவணைகள் கேட்பதில்லை. எக்ஸ்-ரே மெஷின் பக்கத்து அறையில் இருப்பவர்கள் போட்ட அட்டவணை அது. நமக்கு மெஷின் பெங்களூரில். தர்மபுரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90. அப்புறம் சூளகிரி மேம்பாலம், ஓசூர் நெரிசல், அத்திப்பள்ளி.

முதல் வருடம் ஹேங்கிங் டிராப் பிளேட்டையே தெர்மகோல் பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு போனேன். கண்டக்டர், “என்னம்மா, தடுப்பூசியா?” என்றார். காவேரிப்பட்டணம் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெங்களூரில் இறங்கித் திறந்தால் 24-ல் எட்டுத் துளி ஓரத்துக்கு ஓடிக் கிரீஸில் கலந்திருந்தன. இரண்டு துளி குழிக்குள்ளேயே விழுந்துவிட்டன.

உறைய வைத்து எடுத்துப் போகலாம் என்பார்கள். பெரிய லேப்களில் கிளிசரால் சேர்த்து, திரவ நைட்ரஜனில் முக்கி, 100 கெல்வின் குளிரில்தான் டேட்டா எடுக்கிறார்கள். கதிரால் கிரிஸ்டல் சிதைவதை அது வெகுவாகக் குறைக்கும். “மாட்டாஸ்பத்திரியில சினை ஊசிக்கு வெச்சிருக்காங்களே மேடம், அந்தக் கேனைக் கேட்கலாமா?” என்றான் ஒருவன். யோசனை தப்பில்லை, நைட்ரஜன் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அதை டவுன் பஸ் ஸ்டாண்டு வழியாக யார் தூக்கிக்கொண்டு போவது?

அதனால் கேபிலரிக்கு வந்தேன். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் புரதம். ஒரு முனையை மெழுகால் அடைத்து, மறுமுனையை அகரோஸ் ஜெல்லில் குத்தி, ஜெல்லுக்கு மேல் உப்பு ஊற்றிவிடுவது. உப்பு ஜெல் வழியாக ஊறிக் குழாய்க்குள் ஏறும், புரதம் எதிர்த்திசையில் இறங்கும். ஸ்பெயின்காரரான கார்சியா-ரூயிஸ் வளர்த்தெடுத்த முறை இது. குழாய் சன்னமாக இருப்பதால் உள்ளே கரைசல் சுழலாது, மெல்ல ஊறுவது மட்டும்தான் நடக்கும். வாய்ப்பக்கம் வெள்ளைப் படிவு, கொஞ்சம் உள்ளே பொடிக் கிரிஸ்டல், இன்னும் உள்ளே போகப் போக எண்ணிக்கை குறைந்து பெரிதாகும். ஒரே குழாயில் எல்லாப் பதமும் வரிசையாக இருக்கும். மெதுவானது, ஒரு வாரம் இரண்டு வாரம்கூட ஆகும். ஆனால் கிரிஸ்டலை வெளியே எடுக்கவே வேண்டாம். குழாயோடு எக்ஸ்-ரேயில் வைத்துவிடலாம்.

வரலாற்றிலும் இப்படி ஒரு பயணம் உண்டு. 1934-ல் சுவீடனின் உப்சாலாவில் வளர்ந்த பெப்சின் கிரிஸ்டல்கள் தாய்க்கரைசலோடு, அதாவது வளர்ந்த கரைசலோடு, ஒருவரின் கோட்டுப் பையில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தன. காய்ந்த கிரிஸ்டல் மங்கலாகத்தான் தெரிந்தது. அதனால் அங்கிருந்த விஞ்ஞானி பெர்னால் ஈரம் போகாமல் ஒன்றை மெல்லிய கேபிலரிக்குள் எடுத்தார். அவரும் டோரதி கிரோஃபுட்டும் புள்ளிகளைத் தெளிவாகக் கண்டார்கள். டோரதி பின்னால் ஹாட்ஜ்கின் என்ற பெயரில் நோபல் வாங்கியவர். ஈரம் போனால் வரிசை குலைந்துவிடும். லைசோசைம் கிரிஸ்டலிலேயே சுமார் நாற்பது சதவீதம் கரைசல்தான்.

ரத்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் கேபிலரி வளர்த்துப் பழக நன்றாக உதவும், விலையும் மலிவு. ஆனால் அதன் சுவர் கனம். எக்ஸ்-ரேயில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். டேட்டாவுக்கு வேண்டியது தாள் போன்ற சுவருள்ள கேபிலரி. அது பார்த்தாலே உடையும். ஊசி வரும் பிளாஸ்டிக் டியூபில் பஞ்சு வைத்து, அதைப் பென்சில் பாக்ஸில் வைத்து எடுத்துப் போகிறோம். நான்கு கொண்டுபோனால் மூன்று முழுசாகப் போய்ச் சேரும்.

வெயில் சமாளிக்க ஒரு சின்ன ஏற்பாடும் சொல்லிவிடுகிறேன், முறை எதுவானாலும் உதவும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், 4 டிகிரியில் லைசோசைம் பொடிமழையாகக் கொட்டிவிடும். வடக்குப் பார்த்த தரைத்தள அறையில், மேஜைக்கு அடியில், மூடியுள்ள தெர்மகோல் பெட்டி. உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, நடுவில் பிளேட். அறையில் பகலுக்கும் இரவுக்கும் எட்டு டிகிரி ஏறி இறங்கினாலும் பெட்டிக்குள் இரண்டுக்கு மேல் போகவில்லை. மாசிவரை இது தாங்கும். பங்குனியில் தாங்காது. அதற்குள் கிரிஸ்டல் வேலையை முடித்துவிட வேண்டும்.

எந்த முறையிலும் மாட்டிக்கொள்ளும் ஒரு பள்ளம் உண்டு. ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோக, ஒரு மாணவன் பாஸ்பேட் பஃபரைக் குழாய்த் தண்ணீரில் கலக்கிவிட்டான். எங்கள் போர் தண்ணீரைப் பற்றிக் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். மறுநாளே ஓடி வந்தான்: “மேடம், கிரிஸ்டல் வந்துருச்சு!” பளபளவென்று அழகான கிரிஸ்டல். ஊசியால் தொட்டேன், நறுக்கென்றது. புரதக் கிரிஸ்டல் நறுக்கென்னாது, வெல்லக்கட்டி மாதிரி உதிரும். தண்ணீரிலிருந்த கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு அது. கிரிஸ்டலை உடைக்க மனமில்லாதவர்கள் துளியில் மெத்திலீன் புளூ துளியூண்டு விடலாம். புரதக் கிரிஸ்டலுக்குள் நீர் ஓடும் வழிகள் இருப்பதால் சாயத்தை இழுத்து நீலமாகும்; உப்பு அப்படியே வெளுப்பாக நிற்கும்.

தோழிக்குப் போனில் சொன்ன ஒரு வரி இதுதான்: “காசை ஹேங்கிங் டிராப்புக்குப் போடு, பாரஃபினை மெடிக்கல்ல வாங்கிக்கோ, நல்ல கேபிலரி நாலு நான் தர்றேன்.” மார்கழியில் ஹேங்கிங் டிராப்பில் பதம் கண்டுபிடிப்பது. அந்த அளவை வைத்துத் தை, மாசியில் கேபிலரியில் வளர்த்துப் பெங்களூருக்கு எடுத்துப் போவது. பங்குனியில் விட்டதைப் பிடிக்க வேண்டியிருந்தால் எண்ணெய்த் துளி. அவளுடைய பிள்ளைகள் கேபிலரியில் நேராகத் தொடங்கியிருந்தால் பிளேட் காசும் மிச்சம்தான். ஆனால் பதம் என்னவென்று கண்ணால் பார்க்காமல் குழாயை வெறித்துக்கொண்டிருப்பார்கள். அதில் எனக்குச் சம்மதம் இல்லை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மைக்ரோஸ்கோப்பின் கண்ணில் போனை வைத்து எடுத்தது, ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு கிரிஸ்டல். கீழே, “அக்கா, புரதமா உப்பா?” மெத்திலீன் புளூ விட்டுப் பார் என்று எழுதினேன். டிக் இரண்டும் நீலமாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.